நலம் விசாரிப்பது ஒரு நாள் வேலையா?

நோயாளியை நலம் விசாரிப்பதன் மேன்மை பற்றி நாம் எத்தனையோ ஜும்ஆக்களில் பேசியிருக்கிறோம். இந்தப் பக்கங்களிலும் எழுதியிருக்கிறோம். ஆனால் அந்தப் பாடத்தை நமக்கே திருப்பிச் சொல்லித்தர ஓர் இளம் பெண், அதுவும் நம் மார்க்கத்தைச் சேராத ஒரு பெண், பள்ளிவாசல் வாயிலில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. வெட்கத்தை விட்டு அதை இங்கே எழுதுகிறோம்.

சென்னிமலையில் ஒரு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். வாயிலுக்கு வெளியே, கையில் ஒரு ஃபைலோடும் தோளில் துணிப் பையோடும் அந்தப் பெண் நின்றிருந்தார். மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் மருத்துவ சமூகப் பணியாளராக வேலை பார்ப்பவராம். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு நெசவாளியின் பெயரைச் சொல்லி, "ஏனுங்க, இவரு இங்க தொழுக வருவாருங்களா? பத்து நாளா டயாலிசிஸுக்கு வர்லீங்க. போனும் எடுக்கறதில்லீங்க. ஃபைல்ல இருக்கற வெலாசத்துல வேற குடும்பம் இருக்குது. அதான் பள்ளிவாசல்ல கேக்கலாம்னு வந்தேன்" என்றார்.

அந்த நெசவாளியை நமக்கு நன்றாகத் தெரியும். எட்டு மாதங்களுக்கு முன் அதே பள்ளிவாசலில் அவருக்காகத் துண்டேந்தி வசூல் செய்தவர்களில் நாமும் ஒருவர். தொகையை அவர் கையில் கொடுத்து, ஷிஃபாவுக்காக துஆச் செய்து, எல்லோரும் ஆமீன் சொல்லிக் கலைந்தோம். அத்துடன் நம் கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம். அவர் வீடு மாறியது நமக்குத் தெரியாது. பத்து நாளாக அவர் ஊசிக்குப் போகாதது தெரியாது. முந்நூறு பேர் கூடித் தொழும் இடத்தில் ஒருவர் வராததை நாம் கவனிக்கவில்லை. டயாலிசிஸ் படுக்கைகளில் ஒன்று காலியாகக் கிடந்ததை அந்தப் பெண் கவனித்துவிட்டார்.

அவரையும் அழைத்துக்கொண்டு விசாரித்துச் சென்றோம். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் ஓர் ஒற்றை அறை. பாதி இடத்தைக் குழித்தறி அடைத்திருந்தது. அதில் பாதி நெய்த பெட்ஷீட் ஒன்று நின்றுபோயிருந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. "பணத்துக்கு என்ன வேண்டும்?" என்றுதான் நாம் முதலில் கேட்டோம். நமக்குத் தெரிந்த ஒரே கேள்வி அது.

"காசு பிரச்சினை இல்லீங்க அஜ்ரத்" என்றார். "இன்ஷூரன்ஸ்ல போயிருது. ஆசுபத்திரியில ஒண்ணும் கேக்கறதில்ல. கூட வர ஆளில்லீங்க. ஊசி முடிஞ்சு எந்திரிச்சா கண்ணு இருட்டுது, தனியா பஸ் ஏற முடியல. அவ கூட வந்தா தார் சுத்த ஆளில்ல. வாரத்துல மூணு நாள் அவளும் வந்துட்டா அடுப்பு எங்கீங்க எரியும்?"

சகோதரர்களே, இந்த நோய் எத்தகையது என்பதை இங்கே சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். நம் இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் அளவுக்கு இரத்த நீரை வடிகட்டி, உடலுக்கு வேண்டியதைத் திருப்பி அனுப்பி, கழிவை ஒன்றரை லிட்டர் அளவில் வெளியேற்றுகின்றன. நாம் தூங்கும்போதும் நடக்கிற வேலை அது. சர்க்கரை நோயாலும் இரத்தக் கொதிப்பாலுமே பெரும்பாலோருக்கு அவை பழுதாகின்றன. இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி வருடக்கணக்கில் விழுங்குவதும் ஒரு காரணம். நெசவாளிகள் இதைக் கவனிக்க வேண்டும். முற்றிலும் பழுதான பின் இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்தம் செய்வதுதான் டயாலிசிஸ். பொதுவாக ஒரு முறைக்கு நான்கு மணி நேரம். வாரத்தில் மூன்று முறை. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தாலன்றி ஆயுள் முழுவதும்.

காய்ச்சல்காரரை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் போதும். அடுத்த வாரம் அவரே கடைத்தெருவில் எதிர்ப்படுவார். இந்த நோயாளிக்கு வருடத்தில் நூற்றைம்பது தடவைக்கு மேல் ஆஸ்பத்திரிப் பயணம். நம் நலம் விசாரிப்போ ஒரு தடவை. கணக்கு எங்கே ஒத்துப்போகிறது?

அந்தப் பெண் நம்மைப் போல் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, ரேஷன் கார்டு யார் பெயரில் இருக்கிறது, வாடகை எவ்வளவு பாக்கி, யாரிடமாவது வட்டிக்கு வாங்கியிருக்கிறார்களா என்றெல்லாம் அந்த அம்மாளிடம் மெல்ல விசாரித்தார். பேச்சோடு பேச்சாக, "பாப்பா இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகலீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகளை நிறுத்தித் தார் சுற்ற உட்கார வைத்திருக்கிறார்கள். நாம் ஓதிப் பார்க்க வந்த வீட்டில் இன்னொரு வாழ்வும் நின்றுபோயிருந்தது நம் கண்ணில் படவேயில்லை.

ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வரலாறு அப்போது நம் நினைவுக்கு வந்தது. இறுதி ஹஜ்ஜின் ஆண்டில் மக்காவில் அவர்கள் கடும் நோயில் கிடந்தார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பார்க்க வந்தார்கள். நெற்றியில் கரம் வைத்தார்கள், முகத்தையும் வயிற்றையும் தடவினார்கள், குணத்துக்காக துஆச் செய்தார்கள். நாம் ஹதீஸை இதுவரை படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அன்று அந்தப் படுக்கையருகே நடந்த பேச்சில் பெரும்பகுதி வேறு. ஸஅத் (ரலி) அவர்களுக்கு ஒரே மகள். சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்துவிடவா, பாதியையாவது கொடுக்கவா என்று கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றோடு நிறுத்தி, அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகள் பிறரிடம் கையேந்தும்படி விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது மேல் என்ற கருத்தை எடுத்துரைத்தார்கள். நோயாளியின் குடும்பம் நாளை எப்படிப் பிழைக்கும் என்று உட்கார்ந்து பேசுவதும் நலம் விசாரிப்பதில் அடக்கம் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டுமா? (ஸஅத் அவர்கள் அந்த நோயிலிருந்து எழுந்து, காதிஸிய்யா போரில் படையை நடத்தும் அளவுக்கு வாழ்ந்தார்கள் என்பது வேறு விஷயம்.)

நாம் இதைச் சொன்னபோது ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர், "அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் குடுக்கறாங்க, அது அவ வேலை. நமக்கென்ன?" என்றார். அந்த வேலை எப்படி வந்தது என்று தெரிந்தால் அப்படிச் சொல்லமாட்டார்.

1895 ஆம் ஆண்டு லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற அம்மையாரை நியமித்தார்கள். வசதியுள்ளவர்கள் ஏழை என்று சொல்லி இலவச வைத்தியம் பெறுகிறார்களா என்று கண்டுபிடிப்பதே முதலில் அவருக்கு இட்ட வேலை! நாளடைவில்தான் அது ஏழைக்குத் துணை நிற்கும் பணியாக மாறியது. 1905 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ரிச்சர்ட் கபட், நோயாளியின் வீட்டு நிலையை அறியாமல் மருந்து எழுதுவதில் பயனில்லை என்று கண்டு, தம் மருத்துவமனையில் இத்தகைய பணியாளரை அமர்த்தினார். நம் நாட்டில் 1946 இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் இப்பணி தொடங்கியது.

சிறுநீரக நோய்க்கு வந்தால், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1960களின் தொடக்கத்தில் இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர் என்ற நிலை. யாருக்கு இயந்திரம், யாருக்கு இல்லை என்று முடிவு செய்ய ஊர்ப் பொதுமக்களிலிருந்தே ஒரு குழுவை உட்கார வைத்தார்கள். யார் பிழைப்பது என்று மனிதர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து தீர்மானித்த காலம் அது. அல்லாஹ் நம்மை அத்தகைய சோதனையிலிருந்து காப்பானாக! 1972 இல் அந்நாட்டில் சட்டம் வந்து செலவை அரசு ஏற்றது. 1976 முதல் ஒவ்வொரு டயாலிசிஸ் நிலையத்திலும் சமூகப் பணியாளர் இருந்தாக வேண்டும் என்று விதியும் செய்தார்கள். பணத்துக்கு வழி பிறந்த பிறகும் மனிதத் துணை தேவைப்பட்டது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

நம் தமிழகத்திலும் வழிகள் இல்லாமல் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு டயாலிசிஸ் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வயிற்று வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் தருகிறார்கள். ஆனால் வழி இருப்பது வேறு, அதில் நடந்து போகத் தெரிவது வேறு. வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.விடம் போகவேண்டும். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஓர் எழுத்து மாறிய பெயர் என்றால் திரும்ப அலையவேண்டும். மேல்மூச்சு வாங்குகிறவன் எத்தனை படி ஏறுவான்? வீட்டு டயாலிசிஸ் நம் நெசவாளிக்கு ஒத்துவருமா என்று நாம் கேட்டோம். அந்தப் பெண் தறியையும் கூரையில் படிந்திருந்த பஞ்சுத் தூசியையும் காட்டி, "டாக்டருகிட்ட கேக்கறேனுங்க. ஆனா இந்த ரூம்ல கிருமி தாக்கிடுங்க, சுத்தமா தனி எடம் வேணும்" என்றார். வீட்டை வந்து பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

அன்று மாலையே அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்துக்கொண்டார்.

இனி நாம் அறியாமையால் செய்துவரும் சில காரியங்களைச் சொல்லியாக வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போவதில்லை என்பது கொங்கு நாட்டு மரியாதை. இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி வாங்கிப் போகிறோம். நம்மவர்கள் பேரீத்தம்பழமும் சேர்த்துக் கொடுப்பார்கள். இவற்றில் பொட்டாசியம் என்ற உப்பு அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகக்கூடும். தண்ணீரும் இவர்களுக்கு அளவுதான். "நல்லா தண்ணி குடிங்க, எல்லாம் சரியாயிரும்" என்று உபதேசம் செய்யாத உறவினர் உண்டா? ஹஜ்ஜிலிருந்து வந்தவர்கள் பரக்கத்தாக ஜம்ஜம் கொடுத்தாலும் அதையும் அன்றைய அளவிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டு மூலையில் ஆறு இளநீர்க் காய்கள் கிடந்தன. அன்போடு வந்தவைதான். பெண் அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொன்னார்.

இன்னொன்று நோன்பு. நோயாளிக்கு அல்லாஹ் சலுகை அளித்திருப்பது பகரா அத்தியாயத்தில் தெளிவாகவே இருக்கிறது. நோய் தீரும் நம்பிக்கையற்றவர் நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவைக் கொடுக்கலாம். ஆனாலும் சிலர், "எனக்குத் தண்ணீர் குறைத்துத்தானே குடிக்கச் சொல்கிறார்கள், நோன்பு நல்லதுதானே" என்று தாமாகவே பிடிவாதமாக நோற்கிறார்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் தாகத்துக்கு ஒரேயடியாகக் குடித்து, பேரீத்தம்பழமும் உண்டு, தராவீஹுக்குள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்படுகிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் தினமும் குறித்த நேரத்தில் விழுங்க வேண்டிய மாத்திரையைத் தவறவிடவே கூடாது. டாக்டரின் சொல்லையும் ஆலிமின் சொல்லையும் இரண்டையும் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். இறைவன் தந்த சலுகையை ஏற்பதும் வணக்கம்தான்.

தொழுகையில் நம் நெசவாளிக்கு ஒரு மனக்குறை இருந்திருக்கிறது. மதிய வேளையில் படுக்கை ஒதுக்கியிருந்ததால் அஸர் ஒவ்வொரு முறையும் சிக்கலாயிற்று. நம்மவர்கள் இப்பகுதியில் பெரும்பாலும் ஹனஃபிகள். இரண்டு வேளையைச் சேர்த்துத் தொழும் வழக்கம் நமக்கில்லை. இரத்தம் வெளியேறி ஓடினால் ஒளுவும் முறியும். நர்ஸிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். அந்த அம்மணி விஷயத்தைக் கேட்டு, காலை நேரத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். ஒரு வருடமாக அவர் மனத்தில் சுமந்தது ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. இதற்கு ஃபத்வா தேவைப்படவில்லை, கேட்க ஒரு காது தேவைப்பட்டது.

ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் அக்கரையில் பள்ளிபாளையம் இருக்கிறது. 2025 ஜூலையில் அங்கிருந்து வந்த செய்தியை யாரும் மறந்திருக்க முடியாது. கடன் தொல்லையில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் பிடித்து, சிறுநீரகத்தை விற்க வைத்திருக்கிறார்கள். அரசு விசாரித்தது, பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. நம் மாநிலத்துக்கு இது புதிதுமல்ல. சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1994 ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது. 2011 இல் திருத்தம் செய்து, மாற்று அறுவை நடக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்றார்கள். 2014 விதிகள் அப்பணிக்குச் சமூகப்பணி படித்தவர்களை விரும்பத்தக்கவர்களாகக் குறிப்பிடுகின்றன. கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறாரா, யாராவது நெருக்குகிறார்களா என்று தனியே உட்கார வைத்துக் கேட்பது இத்தகைய பணியாளரின் கடமைகளில் ஒன்று. கணவனுக்கு மனைவி கொடுக்கும்போதும் இக்கேள்வி தேவை. நம் நாட்டில் உயிரோடிருந்து கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். மாமியாரும் மைத்துனரும் சூழ்ந்திருக்கையில் ஒரு பெண் எப்படி 'மாட்டேன்' என்பாள்?

மார்க்கத்தின் நிலையைப் பொறுத்தவரை, 1988 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நிபந்தனைகளோடு உறுப்புத் தானத்தை அனுமதித்தது, விற்பனையை அனுமதிக்கவில்லை. மரணத்துக்குப் பின் தானம் செய்வதில் நம் நாட்டு உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே விவாதிக்கவில்லை. விற்பது கூடாது என்பதில் தயக்கமே இல்லை. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

விற்றவனைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. தவ்பா அத்தியாயத்தில் ஜகாத்துக்குரிய எட்டு வகையினரில் கடன்பட்டோரும் ஒரு வகையினர். நம் ஊர்களில் ரமலானில் ஜகாத் எப்படிப் போகிறது? ஆளுக்கொரு சேலை, ஆளுக்குச் சில நூறு ரூபாய் நோட்டு. கடன்காரன் வாசலில் நிற்கும் ஒரு நெசவாளியின் கடனை முழுமையாக அடைத்தோம் என்று எத்தனை ஜமாஅத்துகள் சொல்ல முடியும்? கடன்பட்டவர் ஏழையாக இருந்து, அவர் சொற்படி அவர் கடனை ஜகாத்திலிருந்து அடைத்தால் அது நிறைவேறும் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. நம் சமூகத்தவரல்லாத அண்டை வீட்டாருக்கு ஸதகா இருக்கிறது. தரகர் வந்து கதவைத் தட்டுவதற்கு முன் நாம் தட்ட வேண்டும். எந்தக் கதவு என்று காட்டித்தர அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கக் கூச்சம் என்ன?

அன்ஸாரிப் பெண்மணி ருஃபைதா (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் போடப்பட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் அருகிலிருந்து அடிக்கடி நலம் விசாரிக்க வசதியாக அந்த ஏற்பாடு. கூடாரத்தில் பணிவிடை செய்தவர் ருஃபைதா. தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவர் நோயுற்றபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அவர் வீட்டுக்கே சென்று தலைமாட்டில் அமர்ந்ததும் ஹதீஸில் இருக்கிறது. பள்ளிவாசலுக்கும் நோயாளியின் படுக்கைக்கும் அன்று அவ்வளவு நெருக்கம் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பின் நம் ஜமாஅத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். செவ்வாய், வியாழன், சனி என்று மூன்று நாட்கள். கூடப் போய் வர ஒன்பது பேர் முறை வைத்துக்கொண்டார்கள். பக்கத்துத் தறிக்காரர்கள் இருவர், நம் மார்க்கத்தவரல்லர், தாமாகவே வந்து பெயர் கொடுத்தார்கள். பேர் கொடுத்துவிட்டு வராமல் போனவர்களும் இரண்டு பேர் உண்டு, அவர்களை இங்கே எழுதப்போவதில்லை. முறைக்காரருக்குச் சொல்லியிருப்பவை கொஞ்சம்தான். ஊசி போடும் இடது கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அதில் பை மாட்டக் கூடாது. எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். வழியில் வாந்தி வந்தால் பதறக் கூடாது. நோயைப் பற்றி உபதேசம் செய்யக் கூடாது. மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். தாயார் தார் சுற்றுகிறார். ஒரு நாள் முறைக்காரர் வரவில்லையென்றால் மருத்துவமனையிலிருந்து அந்தப் பெண் நமக்குத்தான் போன் செய்கிறார். குரலில் கோபம் இருக்கும், ஆனால் "ங்க" போடத் தவறமாட்டார்.

இதை எழுதி முடிக்கும்போது வெள்ளி இரவு இஷா ஆகிவிட்டது. நாளை சனிக்கிழமை முறை நம்முடையது. ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஈரோடு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் இளநீர்க்காரர் வழக்கமாகக் கூப்பிடுவார். திரும்பிப் பார்க்கப்போவதில்லை.